1967 ஜான் டீர் 4020 எல்.பி. காஸ் டிராக்டர்: ஏலத்தில் எதுவரை கேட்கலாம்?

வயல்வரப்பு

மேற்கு கன்சாஸில் ஒரு பண்ணை ஏலப் பட்டியலில் 4020 ஒன்று வருகிறது. டீசல் இல்லை, பெட்ரோலும் இல்லை, கம்பெனியிலேயே புரொப்பேனுக்கு (எல்.பி. என்பது அந்தத் திரவ காஸ்தான்) என்று செய்தது. பட்டியலில் இருக்கும் விவரம் இவ்வளவுதான்: 1967 மாடல், சின்க்ரோ-ரேஞ்ச் கியர், அகல முன் அச்சு, மூன்று முனை இணைப்பு, மீட்டரில் 6,200 மணி, "நன்றாக ஓடுகிறது". படத்தில் காஸ் டேங்க்கின் தகடு மேல் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறது.

வேலை அதிகமில்லை. வருடத்துக்கு 150 மணி நேரம்: புல் வெட்ட, தானியம் ஏற்றும் ஆகர் சுற்ற, கொஞ்சம் வட்டுக் கலப்பை. தானியம் உலர்த்த 1,000 கேலன் புரொப்பேன் டேங்க் பண்ணையில் ஏற்கெனவே இருக்கிறது. இதே வருடத்து டீசல் 4020 என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்துக் கணக்குப் போடலாமா? நேரில் போய் எதை எதைப் பார்க்க வேண்டும்?

ஒன்பதுக்கொன்று

முதலில் அது கம்பெனி எல்.பி.தானா, பிறகு யாராவது கிட் போட்டு மாற்றியதா என்று உறுதி செய்யுங்கள். விலையில் முதல் பிளவு அங்கேதான் வருகிறது.

1967 மாடலின் வரிசை எண் 145660-ல் தொடங்குகிறது, 1968 மாடல் 173982-ல். தகடு பின்பக்கம் கியர் பெட்டியில் இருக்கும். எண் இந்த இடைவெளிக்கு வெளியே இருந்தால், பட்டியலில் போட்ட வருடமே தப்பு. தகட்டில் உள்ள முன் எழுத்துகளையும் எண்களையும் அப்படியே எழுதிக்கொண்டு, பாகப் புத்தகம் வைத்திருக்கும் டீலரிடம் எந்த எரிபொருளோடு பிறந்தது என்று கேளுங்கள்.

4020-ல் பெட்ரோலும் எல்.பி.யும் ஒரே 340 கன அங்குல எஞ்சின், டீசல் 404. எல்.பி.க்கு மட்டும் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் கலவையை நெருக்கும் விகிதத்தை, சுமார் 9:1-க்கு ஏற்றியிருப்பார்கள்; பெட்ரோல் எஞ்சினில் அது 7.5:1 பக்கம். புரொப்பேனின் ஆக்டேன் (தட்டாமல் நெருக்கத்தைத் தாங்கும் அளவு) நூறுக்கு மேல், அதனால் தாங்கும். பெட்ரோல் எஞ்சினில் கிட் மட்டும் மாட்டியிருந்தால் அந்த உயர் கம்ப்ரஷன் கிடைக்காது. காஸும் அதிகம் குடிக்கும், இழுவையும் குறைவு. அப்படிப்பட்ட வண்டியை "எல்.பி. டிராக்டர்" என்று விற்பது சரியில்லை. பெட்ரோல் வண்டி விலையில் கிட்டைக் கழற்றும் செலவைக் கழித்துத்தான் அதற்கு மதிப்பு.

கண்ணால் பார்க்கும் அடையாளம் ஹூட். கம்பெனி எல்.பி.யில் காஸ் டேங்க்குக்கு ஏற்ற மாதிரி ஹூட்டே தனி வடிவம். வெட்டி ஒட்டிய ஓரமோ, பெட்ரோல் வடிகட்டிக் கிண்ணம் இருந்த இடத்தில் காலியான கிளாம்ப்போ தெரிந்தால் மேலே தோண்டுங்கள்.

நுரைநீர்

அந்தப் பெயின்ட் அடித்த தகடுதான் இந்த வண்டியின் விலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டிராக்டர் டேங்க் அழுத்தக் கலன் விதிப்படி செய்தது. அதில் பற்றவைத்த தகட்டில் தயாரிப்பாளர், தொடர் எண், தண்ணீர்க் கொள்ளளவு, வடிவமைப்பு அழுத்தம் எல்லாம் அடித்திருக்கும். அழுத்தம் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு. தகடு படிக்க முடியவில்லை என்றால் காஸ் விற்பவர் நிரப்ப மறுக்கலாம், மறுப்பதும் நியாயம். மாற்று டேங்க் தேடினால் 4020-இன் ஹூட்டுக்குள் உட்காரும் வடிவம் வேண்டும். பழைய இரும்புக் கடையில் எப்போதாவது ஒன்று வரும், அதற்கும் இதே தகடு பிரச்சினைதான்.

எனவே போகும்போது ஒரு துணியும் பெயின்ட் கரைப்பானும் கொண்டு போங்கள். விற்பவரின் அனுமதியோடு தகட்டை மட்டும் துடையுங்கள். கம்பி பிரஷ், அரம், கிரைண்டர் எதுவும் வேண்டாம். அடித்த எழுத்தின் ஆழம் குறைந்தால் தகடு போனது போல்தான்.

பிறகு டேங்க்கைத் தாங்கும் பட்டைகளின் அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். பட்டைக்கும் டேங்க்குக்கும் நடுவில் ஈரம் நின்று துரு தின்னும் இடம் அதுதான். செதில் செதிலாகக் கையோடு வந்தால் அழுத்தக் கலன் வேலை தெரிந்தவர் பார்க்காமல் பணம் பேசாதீர்கள். வெல்டிங் கோட்டில் ஒடுக்கு, யாரோ பிறகு பற்றவைத்த தடயம் இரண்டில் ஒன்று இருந்தாலும் டேங்க் மதிப்பு பூஜ்யம். டேங்க்கின் உடலில் தெருமுனைப் பட்டறை வெல்டிங் செய்யவே கூடாது.

வால்வுகளில் பார்க்க வேண்டியவை: 1¾ அங்குல அக்மி மரை உள்ள நிரப்பு வாய், பாதுகாப்பு வால்வு, 80 சதவீத மட்டம் காட்டும் சின்னத் திருகு வால்வு, திரவத்துக்கு ஒன்றும் ஆவிக்கு ஒன்றுமாக இரண்டு கை வால்வு. பாதுகாப்பு வால்வுக்கு மேல் மழை மூடி இல்லாமல் குளவி கூடு கட்டியிருந்தால் அந்த வால்வையே மாற்ற வேண்டும். ஐம்பது வருட வால்வுகளை எப்படியும் மாற்றுவதாகவே கணக்கில் வையுங்கள். டேங்க்கைக் காலி செய்துதான் மாற்ற முடியும், அது காஸ் கம்பெனி ஆளின் வேலை.

வயல்வரப்பு

நன்றி அண்ணே. திரவம் ஒன்று, ஆவி ஒன்று என்று இரண்டு வால்வு எதற்கு? ஏல நாளில் வண்டியை ஓட்டிக் காட்டுவார்கள். அப்போது எது திறந்திருக்க வேண்டும்?

நுரைநீர்

இதைக் கேட்டது நல்லது தம்பி. விற்பவர் அறிந்தோ அறியாமலோ வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான்.

புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். டேங்க்கில் அடியில் திரவம், மேலே ஆவி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆவி வால்வைத் திறந்து ஸ்டார்ட் செய்வார்கள். ரேடியேட்டர் தண்ணீர் சூடானதும் திரவ வால்வைத் திறந்து, ஆவி வால்வை மூடுவார்கள். திரவம் போய்ச் சேரும் இடம் கன்வர்ட்டர். அங்கே எஞ்சினின் சூட்டுத் தண்ணீர் சுற்றி, திரவத்தை ஆவியாக்கி, அழுத்தத்தையும் குறைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும்.

ஆவியிலேயே ஓட்டினால் கன்வர்ட்டரின் சூடாக்கும் பகுதிக்கு வேலையே இல்லை. அது அடைத்துக் கிடந்தாலும் வண்டி அழகாக ஐடிலில் ஓடும். சுமை கொடுத்து ஆவியிலேயே ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும். டேங்க்கில் உள்ள திரவம் கொதித்துக் கொதித்துத் தானே குளிரும், அழுத்தம் விழும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் இழுவை போய்விடும். ஏலத்தில் யாரும் அவ்வளவு நேரம் சுமையோடு ஓட்டிக் காட்டுவதில்லை.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்று: "திரவத்துக்கு மாற்றி, ஆவி வால்வை மூடி, அரைமணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள்." மறுத்தால் கன்வர்ட்டர் கெட்டது என்று வைத்தே விலை சொல்லுங்கள்.

நம் ஊர்ச் சமையல் சிலிண்டரை மனத்தில் வைத்து இதைக் கணிக்க வேண்டாம். அதில் பியூட்டேன் நிறையக் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். அமெரிக்காவில் வண்டிக்கு ஊற்றுவது எச்.டி.-5 என்ற தரம், 90 சதவீதத்துக்குக் குறையாத புரொப்பேன். கன்சாஸ் பனிக்காலத்திலும் ஆவி அழுத்தம் நிற்பது அதனால்தான்.

சேற்றுச்சக்கரம்

கன்வர்ட்டர் பற்றி இன்னும் கொஞ்சம்.

திரவத்தில் ஓடும்போது கன்வர்ட்டரைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு அது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வெளியே வெள்ளையாகப் பனி பூத்தால் சூட்டுத் தண்ணீர் வரவில்லை என்று பொருள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ரேடியேட்டரில் தண்ணீர் குறைவு, கன்வர்ட்டருக்குப் போகும் ஹோஸ் உள்ளே உப்பிப்போய் அடைப்பு, தண்ணீர் அறையில் துருச்சேறு. தண்ணீர் குறைவு என்றால் அது ஏன் குறைந்தது என்று அடுத்துப் பாருங்கள். இந்த எஞ்சினில் நனை லைனர், அதாவது வெளிப்புறம் தண்ணீர் நேரடியாகப் படும் சிலிண்டர் உறை. அடியில் உள்ள ரப்பர் வளையம் போனால் தண்ணீர் எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய்ச் சட்டியின் வடிகால் திருகை மெல்லத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீரா எண்ணெயா என்று தெரிந்துவிடும்.

அடுத்து டயாஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு. கன்வர்ட்டருக்குள் இரண்டு கட்டம். முதல் கட்டம் அழுத்தத்தைச் சில பவுண்டுக்கு இறக்கும். இரண்டாம் கட்டம் எஞ்சின் உறிஞ்சினால் மட்டும் திறக்கும், உறிஞ்சல் நின்றதும் மூட வேண்டும். ரப்பர் விறைத்தாலோ, வால்வு உட்காரும் சீட்டில் அழுக்கு ஒட்டினாலோ மூடாது. சோதனைக்குக் கருவி வேண்டாம். திறந்த வெளியில், இக்னிஷன் அணைத்து, பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கன்வர்ட்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பெரிய ஹோஸைக் கழற்றி, டேங்க் வால்வைத் திறந்து, கன்வர்ட்டர் வாயில் சோப்பு நீர்ப் படலம் ஒன்றை இழுத்து விடுங்கள். படலம் தட்டையாக நின்றால் சீட் நல்லது. மெதுவாக உப்பி வெளியே வளைந்தால் கசிகிறது. அப்படிக் கசியும் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஏனென்றால் இழுகுழாய் முழுக்க முன்பே காஸ் நிறைந்து காற்றுக்கு இடமிருக்காது. பின்னடியாக வெடித்து டயாஃப்ரத்தைக் கிழிப்பதும் இதனால்தான்.

கசிவு மட்டும் என்றால் விலையைக் கொஞ்சம் குறைத்தால் போதும். டயாஃப்ரம், சீட், கேஸ்கட் அடங்கிய பழுது கிட் இந்தப் பழைய கன்வர்ட்டர்கள் பலவற்றுக்கு இன்னும் கிடைக்கிறது. உள்ளே பிசுபிசுப்பான பழுப்பு எண்ணெய் தேங்கியிருக்கும், அது காஸோடு வரும் கனமான மிச்சம். அதைத் துடைத்து மாட்டினாலே பாதிக் குறை தீரும். உடலே அரித்துப் போயிருந்தால் பலர் இம்ப்கோ கம்பெனியின் மாடல் ஈ கன்வர்ட்டரும், எஞ்சின் நின்றால் காஸை அடைக்கும் வி.எஃப்.எஃப்.30 வடிகட்டிப் பூட்டும் போட்டுவிடுகிறார்கள். வேலைக்கு அது முழுக்கச் சரி. சேகரிப்பவருக்கு விற்கும் எண்ணம் இருந்தால் பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

காஸ் ஹோஸ்களின் மேல் "எல்.பி. காஸ்" என்றும் 350 பவுண்டு வேலை அழுத்தம் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸோ ரேடியேட்டர் ஹோஸோ அங்கே மாட்டியிருந்தால், அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவரின் மற்ற வேலைகளையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஒன்பதுக்கொன்று

எஞ்சினுக்குள் போவோம். எல்.பி. வண்டி விற்பவர் முதலில் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டுவார். எண்ணெய் தேன் நிறத்தில் மின்னும். அதை நல்ல பராமரிப்பின் அடையாளமாக எடுக்காதீர்கள். புரொப்பேன் கரி விடுவதில்லை, எரிபொருள் எண்ணெயில் கலப்பதும் இல்லை. அதனால் மாற்றாமல் விட்ட எண்ணெய்கூட நிறம் மாறாமல் நிற்கும், ஆனால் தடித்துக்கொண்டே போகும். விரலில் தேய்த்துப் பாருங்கள், பாகு போல் இழுத்தால் அது பழசு.

லைனர், பிஸ்டன், வளையங்கள் இந்த எரிபொருளில் நிஜமாகவே நீண்ட காலம் வரும். தேய்வது வேறு இடம்: எக்ஸாஸ்ட் வால்வும் சீட்டும். உலர்ந்த எரிபொருள், சூடும் அதிகம். வால்வு சீட்டுக்குள் மெல்ல அமிழும், டாப்பெட் இடைவெளி குறையும், கடைசியில் வால்வு முழுக்க மூடாது. மற்ற வண்டிகளில் தேய்ந்தால் டாப்பெட் சத்தம் கேட்கும். இதில் தேய்ந்தால் சத்தம் குறையும். சத்தமே இல்லாமல் ஓடுகிறது என்று மகிழ வேண்டாம்.

கம்ப்ரஷன் அளவுமானி கொண்டு போங்கள். எஞ்சினைச் சூடாக்கி, ஆறு பிளக்கையும் கழற்றி, காஸ் வால்வை மூடி, கார்புரேட்டரை முழுக்கத் திறந்து சுற்றுங்கள். ஆறும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் வளையம். ஏறாவிட்டால் வால்வு, அதாவது சிலிண்டர் தலையைக் கழற்றி சீட் மாற்றும் செலவு. அந்தச் செலவைப் பக்கத்து மெஷின் ஷாப்பில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போங்கள்.

ஸ்பார்க் விஷயம் சின்னது, சுருக்கமாகச் சொல்கிறேன்: உயர் கம்ப்ரஷனில் காஸைப் பற்றவைக்க அதிக வோல்ட் வேண்டும். சுமையில் தடுமாறினால் கார்புரேட்டரில் கை வைக்கும் முன் பிளக், காயில், ஒயரைப் பாருங்கள். எல்.பி.க்குச் சொன்ன குளிர் வகைப் பிளக்தான் போட வேண்டும்.

கதிரடி

எல்லோரும் பழுதைப் பேசுகிறீர்கள், எரிபொருள் கணக்கை யாரும் தொடவில்லை. எல்.பி. வண்டி மலிவாகப் போவதற்கு அடிக்காரணம் அதுதானே.

ஒரு கேலன் புரொப்பேனில் சுமார் 91,500 பி.டி.யூ. வெப்ப ஆற்றல். பெட்ரோலில் இருப்பதில் முக்கால் பங்கு, டீசலில் மூன்றில் இரண்டு. லிங்கனில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்து வருகிறது. அந்தச் சோதனைகளில் இந்த அளவு எல்.பி. வண்டிகள் முழுச் சுமையில் கேலனுக்கு 8-9 குதிரைத்திறன்-மணி தந்தன. டீசல்கள் 15 பக்கம். ஆக வகுத்தால் புரொப்பேன் கேலன் விலை டீசல் விலையில் 0.57 பங்குக்குக் கீழே இருந்தால்தான் எல்.பி. லாபம். டீசல் 4 டாலர் என்றால் புரொப்பேன் 2.28-க்குக் கீழே வேண்டும்.

இப்போது 150 மணிக்குப் போடுங்கள். புல் வெட்டு, ஆகர் மாதிரி அரைச்சுமை வேலைக்கு மணிக்கு 6 கேலன் காஸ் என்றால் வருடத்துக்கு 900 கேலன். டீசல் 4020 அதே வேலையை 510 கேலனில் முடிக்கும். டீசல் 4, புரொப்பேன் 2.50 என்று வைத்தால் வருடத்துக்கு 210 டாலர் எல்.பி.யில் கூடுதல். புரொப்பேன் 2 என்றால் எல்.பி.யில் 240 டாலர் மிச்சம். எப்படிப் பார்த்தாலும் வாங்கும் விலையில் உள்ள வித்தியாசத்துக்கு முன் இது பெரிய தொகை இல்லை. வருடத்துக்கு 800 மணி ஓட்டுபவருக்கு வேறு பதில்.

உங்கள் 1,000 கேலன் டேங்க் பற்றி ஒன்று. உலர்த்திக்கு ஆவி மட்டும் எடுக்கும் குழாய் இருந்தால் அதிலிருந்து டிராக்டருக்கு ஊற்ற முடியாது. திரவம் எடுக்கும் வால்வு, பம்ப், சரியான ஹோஸ் எல்லாம் வேண்டும். டேங்க் சப்ளையருக்குச் சொந்தமென்றால் அவர் அனுமதியும் வேண்டும். அந்தச் செலவையும் டிராக்டர் விலையோடு கூட்டுங்கள்.

மோலின்மஞ்சள்

ஒரு மாறுபட்ட கருத்து. எல்.பி. என்றாலே மலிவு என்று எழுதுவது அநியாயம். மினியாபோலிஸ்-மோலின் 1941-லேயே கம்பெனியிலிருந்து எல்.பி. டிராக்டர் விட்டது. டெக்சாஸ், ஓக்லஹோமா, கன்சாஸ் சமவெளியில் எண்ணெய்க் கிணறுகளின் பக்க விளைபொருளாகப் புரொப்பேன் மலிவாகக் கிடைத்த காலத்தில் இவைதான் பெரிய நிலங்களை உழுதன. முழுமையாக, மாற்றப்படாமல் நிற்கும் எல்.பி. வண்டிகளுக்குச் சேகரிப்பாளர் இருக்கிறார். குறிப்பாக உயர் அச்சு மாடல்கள், ஸ்டாண்டர்ட் மாடல்கள்.

கதிரடி

உயர் அச்சு என்றால் ஒப்புக்கொள்கிறேன். இது வரிசைப் பயிர் 4020, சாதாரண அமைப்பு. இதற்குச் சேகரிப்பாளர் விலையை எதிர்பார்த்து ஏலம் கேட்டால் பணம் மாட்டிக்கொள்ளும். வேலை வண்டியாகவே மதிப்பிடுங்கள். அசல் ஹூட், அசல் கன்வர்ட்டர், அசல் டேங்க் மூன்றும் இருந்தால் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான்.

வயல்வரப்பு

மலிவாக வாங்கி பெட்ரோலுக்கோ டீசலுக்கோ மாற்றினால்?

ஒன்பதுக்கொன்று

பெட்ரோலுக்கு என்றால் டேங்க், பம்ப், கார்புரேட்டர், இழுகுழாய், ஹூட் எல்லாம் தேட வேண்டும். அதோடு 9:1 பிஸ்டனை வைத்துக்கொண்டு 87 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் சுமையில் தட்டும், பிஸ்டன் உடையும். டைமிங்கைப் பின்னால் தள்ளினால் இழுவை போகும். பிஸ்டனையும் மாற்றினால்தான் வேலை முடியும். டீசலுக்கு என்றால் 404 எஞ்சினே முழுதாக வேண்டும். அந்தச் செலவில் ஒரு டீசல் 4020 வாங்கிவிடலாம். இரண்டிலும் உள்ளதைக் கெடுத்து விலையையும் குறைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

சேற்றுச்சக்கரம்

எரிபொருள் பேச்சில் வண்டியை மறந்துவிட வேண்டாம். ஹைட்ராலிக் காத்திருப்பு அழுத்தம் (எதையும் தூக்காமல் நிற்கும்போது உள்ளது) 2,250 பவுண்டு பக்கம் இருக்க வேண்டும், அளவுமானி மாட்டிப் பாருங்கள். முன்னால் பம்ப்பைச் சுற்றும் தண்டின் இணைப்பு தேய்ந்திருந்தால் கையால் ஆட்டும்போதே தெரியும். சின்க்ரோ-ரேஞ்ச் ஓடும்போது மாற்ற வேண்டிய இடத்தில் கரகரவென்றால் சின்க்ரோ போனது, வண்டியை நடுவில் பிளந்துதான் சரிசெய்ய முடியும். பின் டயர் இரண்டும் வெடித்திருந்தால் அதன் விலை, காஸ் அமைப்பு முழுவதையும் புதுப்பிக்கும் செலவைத் தாண்டிவிடலாம். 6,200 மணியை நம்ப வேண்டாம். கிளட்ச் மிதியின் ரப்பரையும், இழுகம்பித் துளையின் நீள்வட்டத்தையும் பாருங்கள்.

வயல்வரப்பு

பார்த்துவிட்டு எழுதுகிறேன். தகடு துடைத்ததும் எழுத்து முழுக்கத் தெரிந்தது, 250 பவுண்டு. பட்டை அடியில் மேல் துரு மட்டும். திரவத்தில் அரைமணி ஓட்டினார்கள், கன்வர்ட்டர் வெதுவெதுப்பு, ஆனால் சோப்புப் படலம் மெதுவாக உப்பியது. கம்ப்ரஷனில் ஐந்து சமம், நான்காவது இருபது சதவீதம் குறைவு, எண்ணெய் விட்டும் ஏறவில்லை. ஹைட்ராலிக் 2,200. காஸ் ஹோஸ் இரண்டும் வெடிப்பு. பின் டயர் பாதி.

கதிரடி

நல்ல செய்திதான். கணக்கு இப்படி: அந்த வட்டாரத்தில் கடைசி ஆறு மாதத்தில் விற்ற, 1966-68 டீசல், சின்க்ரோ-ரேஞ்ச், அகல அச்சு வண்டிகள் ஐந்தாறின் ஏல முடிவை எடுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுச் சராசரி போடுங்கள். அதில் 60 சதவீதத்தில் ஆரம்பிப்பது என் வழக்கம். எல்.பி.யை மறுபடி விற்க ஆள் தேட வேண்டியிருக்கும் என்பதற்கான கழிவு அது. அங்கிருந்து கழிக்க வேண்டியவை: தலையைக் கழற்றி ஆறு எக்ஸாஸ்ட் வால்வும் சீட்டும், ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். கன்வர்ட்டர் கிட். இரண்டு ஹோஸ். டேங்க் வால்வுகளும் பாதுகாப்பு வால்வும். உங்கள் பெரிய டேங்க்கில் திரவ வால்வும் பம்ப்பும். டயருக்கு அரை விலை.

நுரைநீர்

தகடு தெளிவாக இருப்பதால் நான் 60-ஐ 65 ஆக்குவேன். ஏலத்தில் ஜெயித்தால் முதல் நிரப்பலுக்கு முன்பே வால்வுகளை மாற்றுங்கள், டேங்க் காலியாக இருக்கும்போதே செலவு குறைவு. நிரப்பும்போது 80 சதவீதத் திருகைத் திறந்து வையுங்கள். வெறும் ஆவி சீறுவது நின்று வெள்ளைப் புகைபோல் திரவம் தெறித்ததும் பம்ப்பை நிறுத்துங்கள். மீதி இடம் வெயிலில் திரவம் விரிவதற்கு. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால், பழுதுபார்க்கும் குழி உள்ள கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள். நிறுத்தியதும் டேங்க் வால்வை மூடி, குழாயில் உள்ள காஸ் தீர்ந்து எஞ்சின் தானே அணையும் வரை விடுங்கள்.